இடது காது பத்து சதவீதம்

சத்துவாச்சாரி
13-8-2025

பெர்சிஸ் அப்பாவுக்கு கிரேஸி எழுதுவது.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சத்துவாச்சாரிக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். அதற்கு உறை வாங்கி அஞ்சல்தலை ஒட்டும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். நன்றாயிருங்கள்.

மூன்றாம் தேதி ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து, என் தங்கை விஜயாவோடும் என்னோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "டேனரில வேல ஜாஸ்தி, ரெண்டு நாள் அங்கயே தங்கிட்டு வர்றேன்" என்று பையை எடுத்தீர்கள். இன்றோடு பத்து நாள். உங்கள் போன் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. அணைத்து வைத்திருக்கிறீர்கள். மறந்துபோய் விட்டுப்போனவர் அணைத்துவிட்டா போவார்? டேனரி ஆபீசுக்குப் போன் செய்தால் அந்தப் பெண் "லைன்ல கூப்பிடட்டுமா மேடம்" என்கிறாள். காது கேட்காத மனுஷனை லைனில் கூப்பிட்டு நான் என்ன செய்ய? கடைசியில் உங்கள் தோஸ்த், கெமிக்கல் ஸ்டோர் இஷ்தியாக் அகமது பாய்தான் உண்மையைச் சொன்னார். வேலை ஒன்றும் ஜாஸ்தி இல்லையாம். நீங்கள் கோபமாக இருக்கிறீர்களாம். எதற்கென்று அவரிடமும் சொல்லவில்லையாம்.

என்ன கோபம்? காது மெஷின் வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பெர்சிஸ் கோயம்புத்தூரில் வேலை பார்த்துச் சேர்த்ததில் அப்பாவுக்கென்று ஆசையாய் வாங்கி வந்தது. அதற்கான ஆப்பை என் போனிலும் போட்டுவிட்டு, "அப்பாவுக்கு இதெல்லாம் பாக்க வராதும்மா, நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உங்கள் காதுகள் இரண்டும் என் கைப்பையில்தான் குடியிருக்கின்றன. வார்டில் ஒருவருக்கு ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருப்பேன், போன் கத்தும்: இடது காது பத்து சதவீதம். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நிற்பார், மறுபடி கத்தும்: வலது காதைச் சுத்தம் செய்யவும். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் டேப்லெட் கம்ப்யூட்டரில் ஏற்று என்கிறார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்து "தூங்கினீங்களா" என்று கேட்டுப் பல மாசம் ஆகிறது, குனிந்த தலை நிமிர்வதில்லை. அந்த லட்சணத்தில் உங்கள் காதும். இப்போது பத்து நாளாக ஒரே சேதிதான் வருகிறது. எபனேசர் இன்று கருவி அணிந்த நேரம்: பூஜ்யம் மணி.

மெஷின் பிடிக்கவில்லையா, நான் பிடிக்கவில்லையா? எதுவானாலும் எழுதுங்கள்.

கிரேஸி


ஆம்பூர்
17-8-2025

கிரேஸி,

கடிதம் வந்தது. நான் எத்தனை மணி நேரம் காதைத் திறந்து வைத்தேன் என்று உன் போனுக்குத் தகவல் போகிறது என்பதே இதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். சபாஷ். டேனரியில் நான் உள்ளே நுழைவதை ஒரு கேமரா முகம் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. தோலைப் போட்டு உருட்டும் டிரம் எத்தனை சுற்று சுற்றியது என்று முதலாளி சென்னையில் படுத்துக்கொண்டே பார்க்கிறார். என் காது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்கும் ஆள் போட்டாயிற்று.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்த மெஷினில் ஒரு வித்தை உண்டு. போனில் ஒரு பட்டனை அமுக்கி, பேசுகிறவர் பக்கத்தில் போனை வைத்துவிட்டால், அங்கே பேசுவது தள்ளி இருக்கும் என் காதுக்குள் விழும். பிரசங்கம் கேட்கட்டும் என்று பெர்சிஸ் போட்டுக்கொடுத்தாள். அந்த ஞாயிறும் போதகரின் மேஜையில் போனை வைத்துவிட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் முழுக்கக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஷெல்ஃபில் போனைச் சார்ஜில் போட்டேன். பட்டனை அணைக்கவில்லை. அப்படியே தண்ணீர்த் தொட்டி கழுவ மாடிக்குப் போனேன்.

நீ வெங்காயம் நறுக்குவது கேட்டது. முதலில் சிரிப்புதான் வந்தது. மாடியில் நின்றுகொண்டு கீழே நடக்கும் சமையலைக் கேட்கிறேனே என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று படியருகே வந்தேன். அப்போது விஜயா, "மாமாவுக்கு இப்ப நல்லா கேக்குதாமே, இனிமே உனக்கு நிம்மதிதான்" என்றாள். நீ சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

"இன்னா நிம்மதி? அந்த மனுஷனுக்குக் காது கேக்காம இருந்தப்பதான்டி நான் நிம்மதியா இருந்தேன். பக்கத்துல நின்னுக்கினே திட்டுவேன். ஒண்ணும் தெரியாது, சிரிச்சிக்கினு நிப்பாரு. இந்த மெஷின் வந்து அதுவும் போச்சு."

விஜயா சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

கீழே வந்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கறி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அன்றிலிருந்து ஒரே யோசனைதான். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நீ திட்டத் திட்ட நான் எத்தனை தரம் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பேன்? நீ ஏதோ பிரியமாகச் சொல்கிறாய் என்று நினைத்துத்தான் சிரித்தேன் கிரேஸி. நினைத்தால் அவமானமாக இருக்கிறது.

டேனரிக்குப் பின்னால் சூப்பர்வைசர் அறை ஒன்று காலியாக இருக்கிறது. அதில் இருக்கிறேன். மெஷின் அதன் பெட்டியில் இருக்கிறது.

எபனேசர்


சத்துவாச்சாரி
21-8-2025

பெர்சிஸ் அப்பாவுக்கு,

திருத்துவதற்கு ஒன்றுமில்லை. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னதுதான். மாடியிலிருந்து ஒட்டுக்கேட்டாலும் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். மெஷின் நல்ல மெஷின்.

மன்னிப்புக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. நான் என்ன செய்ய?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், டிரம் சத்தத்தில் உங்கள் காது போகிறது என்று தெரிந்ததுமே காது டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி வந்தேன். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. வரிசையில்கூட நிற்க வேண்டியதில்லை. "நான் இன்னா செவுடா?" என்று சீட்டை மடித்து பைபிளுக்குள் வைத்தீர்கள். மூன்று வருஷம் கழித்து இன்னொரு சீட்டு. அது துணி துவைக்கும்போது உங்கள் சட்டைப் பையிலிருந்து கூழாக வந்தது. மகள் வந்து மெஷினைக் கையில் திணித்த பிறகுதான் காது மந்தம் என்பதை நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

அதுவரைக்கும் நான் எப்படிப் பேசினேன் தெரியுமா? கத்தினேன். குழம்பில் உப்புப் போதுமா என்று நான் கேட்டால், மூன்றாவது வீட்டு ஹேமலதா மறுநாள் என்னிடம், "நேத்து உப்பு ஜாஸ்தியாய்டுச்சாக்கா" என்பாள். தெருவுக்குச் சொல்லாமல் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல முடியாது. கத்திச் சொல்லக்கூடியதை மட்டும்தான் ஒருத்தி தன் வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால் மிஞ்சுவது என்ன? உப்பு, கேஸ் சிலிண்டர், கரண்ட் பில். மற்றதெல்லாம் உள்ளேயே கிடந்து புளிக்கும். அதைத்தான் உங்கள் பக்கத்தில் நின்று திட்டித் தீர்த்தேன். அப்படித் தீர்க்காமல் இருந்திருந்தால் எப்போதோ நெமிலிக்கு, விஜயா வீட்டுக்குப் போயிருப்பேன்.

மெஷின் வந்தது. அடுப்படியில் என் உதடு அசைந்தால் போதும், ஹாலிலிருந்து "இன்னா முணுமுணுக்கற?" என்கிறீர்கள். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறீர்கள். தட்டை மெதுவாக வை, கதவை மெதுவாகச் சாத்து, இந்த ஃபேன் இப்படிக் கிறீச்சிடுகிறதே, எப்படித்தான் இதற்கடியில் இத்தனை நாள் படுத்தாய்? படுத்தேன். உங்களுக்கும் சேர்த்து நான்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என் வீட்டில் எனக்குச் சத்தமாகவும் பேச முடியாது, மெதுவாகவும் பேச முடியாது என்று ஆகிவிட்டது.

சிரித்தது தப்பு. அதற்கு வருத்தப்படுகிறேன். சொன்னதற்கு வருத்தப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

கிரேஸி


ஆம்பூர்
26-8-2025

கிரேஸி,

சீட்டை மடித்து வைத்தது வாஸ்தவம். காரணத்தையும் தெரிந்துகொள். எங்கள் டேனரியில் காது போனவனை டிரம் பக்கம் விடமாட்டார்கள். ஆபத்தென்று கேட்டில் உட்காரவைத்துவிடுவார்கள். வேலாயுதத்தை அப்படித்தான் செய்தார்கள். முப்பது வருஷம் தோலைத் தொட்டவன் இன்றைக்கு லாரிக்குக் கதவு திறக்கிறான். நான் உன் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் எனக்கும் காது போனதென்று ஒரு காகிதம் உண்டாகியிருக்கும். இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம் என்பாய். சொன்னால் நீ பதிலைக் கத்துவாய். ஹேமலதாவுக்குத் தெரிந்தால் ஆம்பூரில் வேலை பார்க்கும் அவள் புருஷன் மூலம் டேனரிக்குத் தெரிய ஒரு நாள் ஆகுமா?

உன் கடிதத்தைப் படித்த அன்று மெஷினைப் போட்டுப் பார்ப்போம் என்று எடுத்தேன். வலது காது செத்துப்போயிருந்தது. பெட்டியின் மேல் உதவிக்கென்று ஒரு போன் நம்பர் மட்டும் இருக்கிறது. காது கேட்காதவனுக்கு மெஷின் விற்கிறவன், ரிப்பேர் என்றால் போனில் பேசச் சொல்கிறான். இந்த மூளையை எங்கே வாங்கினான் என்று தெரியவில்லை. இஷ்தியாக்கைப் பேசச் சொன்னேன். தமிழுக்கு இரண்டை அழுத்து என்றதாம். அழுத்தினான். உங்கள் குறையைச் சொல்லுங்கள் என்று ஒரு மெஷின் கேட்டதாம். "காது கேக்கல" என்றான். "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்றதாம். நான்கு தரம் சொன்னான். நான்கு தரமும் அதற்குக் கேட்கவில்லை. அதற்கு யார் காது மெஷின் வாங்கித் தருவது என்று இஷ்தியாக் கேட்கிறான். கடைசியில் ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றார்களாம். அது உன் போனுக்கு வந்திருக்கும். என் காதைத் திறக்கும் சாவிகூட என்னிடம் இல்லை.

இன்னொரு விஷயம். முதலாளி கொல்கத்தாவில் ஒரு யூனிட் எடுத்திருக்கிறார். டிரம் செக்‌ஷனை அமைத்துக்கொடுக்க ஆள் வேண்டும், இரண்டு வருஷம். என்னைக் கேட்டார். ஐந்தாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். அங்கே பேசுவது எனக்குப் புரியாது. கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். யார் திட்டினாலும் மனசில் ஏறாது.

எபனேசர்


சத்துவாச்சாரி
29-8-2025

பெர்சிஸ் அப்பாவுக்கு,

ஓ.டி.பி. வந்தது. நான் பார்ப்பதற்குள் காலாவதியாகிவிட்டது.

வலது காது நின்றதற்கு அழுக்குதான் காரணம். பெட்டிக்குள் சின்ன பிரஷ் இருக்கிறது. ஓட்டையைத் துடையுங்கள், வேலை செய்யும்.

கொல்கத்தாவுக்குப் போவதானால் போங்கள். அங்கே டிசம்பரில் குளிருமாம். உங்கள் ஸ்வெட்டர் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. இஷ்தியாக் பாயை அனுப்பினால் கொடுத்தனுப்புகிறேன்.

கிரேஸி


சத்துவாச்சாரி
30-8-2025

பெர்சிஸ் அப்பாவுக்கு,

நேற்று எழுதியதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஸ்வெட்டரைப் பற்றி எழுதுவதற்கா நான் உட்கார்ந்தேன்? எழுத வேண்டியது வேறே. இதைச் சொல்லாமல் நீங்கள் ரயில் ஏறிவிட்டால் பிறகு இந்த ஜென்மத்தில் சொல்ல மாட்டேன்.

2019-இல் நவம்பர் மாசம். குளிக்கும்போது இடது மார்பில் கையில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. நர்ஸ் எனக்குத் தெரியாதா அது என்னவாக இருக்கலாம் என்று? டாக்டரம்மாவிடம் காட்டினேன். சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் நீங்கள் டேனரியிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்தீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "மார்ல கட்டி இருக்குதாம், டெஸ்ட் எடுக்கணும்னாங்க" என்றேன். "இன்னா?" என்றீர்கள். மறுபடி சொன்னேன். மறுபடியும் "இன்னா?" என்றீர்கள். அந்த வார்த்தையை நான் எப்படிக் கத்துவேன்? பெர்சிஸ் உள் அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சிரித்து, "சரி சரி, சாப்பாடு போடு" என்றீர்கள். போட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்கள்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு காகிதம் எடுக்க மனசு வரவில்லை.

விஜயா நெமிலியிலிருந்து வந்தாள். துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். உங்களிடம் அவள் பல் டாக்டரைப் பார்க்க வந்ததாகச் சொன்னோம். ரிசல்ட் வர ஒன்பது நாள். ஒன்பது நாளும் டியூட்டிக்குப் போனேன், உங்களுக்குச் சோறு கட்டினேன், நீங்கள் திரும்பி நிற்கும்போதெல்லாம் உங்களைத் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்று கேட்காதீர்கள். சாதாரணக் கட்டிதான் என்று வந்தது. அதையும் உங்களிடம் சொல்லவில்லை. முதலில் சொன்னதே போய்ச் சேராதபோது இதை எங்கிருந்து சொல்வது?

விஜயாவோடு நான் சிரித்தது அந்த ஒன்பது நாளைத் தாண்டி வந்த சிரிப்பு. உங்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இப்போது தெரிந்துவிட்டது. இனி போவதும் வருவதும் உங்கள் இஷ்டம்.

கிரேஸி


ஆம்பூர்
3-9-2025

கிரேஸி,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஸ்வெட்டர் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். கோபத்தில் மற்றதை மத்தியானம் வரைக்கும் பிரிக்கவில்லை. பிறகு டிரம் பக்கத்தில் நின்று படித்தேன். அங்கே அழுதால் யாரும் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் கெமிக்கலில் கண் கலங்கித்தான் இருக்கும்.

அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. நீ சொன்னது எதுவும் நினைவில்லை, கேட்டால்தானே. ஆனால் பேசுவதற்கு முன்னால் நீ எழுந்து போய்த் தெரு ஜன்னலைச் சாத்தினாய். அதைப் பார்த்தேன். ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்தது. தெரிந்தும்தான் சரி சரி என்றேன். இதை உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

காது போனவனுக்கு ஒரு சங்கடம் உண்டு, காது உள்ளவர்களுக்கு அது தெரியாது. ஒரு தரம் இன்னா என்று கேட்டால் யாரும் திருப்பிச் சொல்வார்கள். இரண்டாம் தரம் கேட்டால் முகம் மாறும். மூன்றாம் தரம் கேட்டால் "ஒண்ணுமில்ல, விடு" என்பார்கள். அந்த "விடு" இருக்கிறதே, அறைந்த மாதிரி இருக்கும். அதற்குப் பயந்துதான் மூன்றாம் தரம் கேட்காமல் சிரித்துவைப்பேன். டேனரியில் அப்படித்தான், சர்ச்சில் அப்படித்தான், வீட்டிலும் அதையே செய்தேன். நீ கட்டியோடு உட்கார்ந்திருந்தாய், நான் சாப்பாடு போடச் சொன்னேன். நீ திட்டியது போதாது.

நேற்று முதலாளி வந்திருந்தார். வலது காதைப் பிரஷால் துடைத்தேன், நீ சொன்னபடி வேலை செய்தது. மெஷினைப் போட்டுக்கொண்டே போய் நின்றேன். கொல்கத்தாவுக்கு வரவில்லை, எனக்குக் காது போய்விட்டது, பன்னிரண்டு வருஷமாக மறைத்தேன் என்று சொன்னேன். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாசம் முதல் டிரம் செக்‌ஷன் எனக்கு இல்லை. கேட்டிலோ ஸ்டோரிலோ, எங்கே போடுவார்கள் என்று தெரியவில்லை. போடட்டும்.

ஞாயிறு காலை வருகிறேன். அதற்குள் இரண்டு வேலை செய்து வை. என் காது எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்று உனக்குச் சொல்லும் அந்த ஏற்பாட்டை எடுத்துவிடு. ஒட்டுக்கேட்கும் பட்டனை எப்படி அணைப்பது என்று பெர்சிஸிடம் கேட்டு எழுதி வை. திட்டுவதானால் இனி நேருக்கு நேர் திட்டு. நான் சிரிக்க மாட்டேன், பதிலுக்குச் சண்டை போடுவேன்.

மெஷினை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்காருவேன். கத்த வேண்டாம். அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து மெதுவாகச் சொல். படித்துவிட்டீர்களே, இன்னும் என்ன என்று கேட்பாய். படித்தேன், ஆனால் நீ சொல்லி நான் கேட்கவில்லை. புரியாவிட்டால் இன்னா என்று கேட்பேன். உன் முகம் மாறினாலும் மூன்றாம் தரமும் கேட்பேன்.

எபனேசர்